தண்ணீரை மறுக்கத் தெரியாதவள்

முதலில் மோதிரம்தான் இறுகியது. கல்யாணத்தன்று போட்டதிலிருந்து விரலில் லொடலொடவென்று சுற்றிக்கொண்டிருந்த மோதிரம். துணி துவைக்கும்போது கழன்று விழுந்துவிடும் என்று கழற்றி வைத்துவிட்டுத்தான் துவைப்பேன். அன்று அது விரலுக்குள் புதைந்து கிடந்தது. ஓடிக்கொண்டே திருகிப் பார்த்தேன், அசையவில்லை. மலைக்குளிருக்கு விரல் வீங்கியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மேலே ஓடினேன்.

ஓடி முடித்த பிறகு வலிப்பு வந்து, ‘உனக்கு வலிப்பு நோய்’ என்று யாரோ சொல்லி, மாத்திரையும் கையுமாக வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு நடந்தது வேறாகவும் இருக்கலாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அதில் உங்களுக்கு ஆகிற பங்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். எங்கள் ஊரில் ஹாக்கி மட்டை பிடிக்காதவளை விளையாட்டுக்காரி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு மட்டை ஒத்துவரவில்லை, ஓட்டம்தான் வந்தது. விடியும் நேரத்தில் ஊரைத் தாண்டிக் கரிசல் காட்டுப் பாதையில் தனியாக ஓடுவேன். மழை பெய்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ மண் ஒட்டும். கோடையில் வெடிப்புக்குள் பாதம் போகாமல் பார்த்து வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பெல், வீட்டில் குக்கர், இரண்டுக்கும் நடுவில் அந்த ஒரு மணி நேரத்தில்தான் யாரும் என்னை எதற்கும் கூப்பிட மாட்டார்கள். அந்தத் தனி ஓட்டத்தை நான் எவ்வளவு பெரிதாக நினைத்திருந்தேன் என்பது அது போன பிறகுதான் தெரிந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில் நடந்தது இது. மாரத்தான் என்றால் எங்கள் ஊரில் பெட்ரோல் பங்க் திறப்பு விழாவுக்குப் பனியன் கொடுத்து ஓடவிடுவது என்றுதான் அர்த்தம். எனக்குத் தெரிந்து ஊரில் தினமும் ஓடுகிற இன்னோர் ஆள் பலசரக்குக் கடை அண்ணாச்சி. சர்க்கரை நோய்க்குப் பயந்து ஓட ஆரம்பித்து, அதிலேயே கிறுக்குப் பிடித்துப்போனவர். பொட்டலம் மடிக்க வந்த ஆங்கிலப் பேப்பரில் ஓடுகிறவர்கள் படம் இருந்ததைப் பார்த்து, அந்தத் தாளை மடிக்காமல் எடுத்து வைத்திருந்தார்.

"டீச்சர், இது என்னன்னு படிச்சுச் சொல்லுங்க. நம்மள மாதிரி ஆளுக்கும் உண்டா, இல்ல பட்டணத்து ஆளுக்கு மட்டுமா?"

ஆந்திரப் பக்கம் ஓர் ஆறு மலையைப் பிளந்துகொண்டு போகும் பள்ளத்தாக்கில் முழு மாரத்தான். மலை விளிம்பிலேயே ஓடி, ஆற்றுவரை இறங்கி, மறுபடி ஏறி வர வேண்டும். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றிருந்தது, நானும் அண்ணாச்சியும் பெயர் கொடுத்தோம். என் வீட்டுக்காரருக்கு மில்லில் எலக்ட்ரீஷியன் வேலை, லீவு கிடைக்கவில்லை. அதனால் அண்ணாச்சியின் சம்சாரம் எனக்குத் துணையாக வந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். "போயிட்டு வா. மலையப் பாத்துட்டு அங்கனயே இருந்துராத" என்று சொல்லி என் வீட்டுக்காரர் ரயிலேற்றிவிட்டார்.

அந்த இடத்தின் அழகை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் மேடு என்று சொல்வது கண்மாய்க் கரையைத்தான். அங்கே செங்கல் அடுக்கின மாதிரி சிவப்புப் பாறை இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்க, அடியில் ஆறு பச்சையாகக் கிடந்தது. மேகம் பாறைக்குக் கீழே இறங்கி நின்றது. தூறல் வேறு. கண்ணாடியும் தொப்பியும் போட்ட பட்டணத்துப் பிள்ளைகள் பாதி ஓட்டத்தில் நின்று கேமராவில் படம் பிடித்துக்கொண்டார்கள். பிடிக்கட்டும் என்று நானும் நின்று பார்த்தேன். இவ்வளவு நேரம் வெயில் படாமல் நான் அதுவரை ஓடியதே இல்லை. இவ்வளவு சுகமாகவும் ஓடலாமா என்று இருந்தது. மெதுவாக, பார்த்துப் பார்த்து ஓடினேன். அப்படி மெதுவாக ஓடியதும் ஒரு காரணம் என்று பின்னால் டாக்டர் சொன்னபோது எனக்கு எரிச்சலாக வந்தது.

வழி நெடுகத் தண்ணீர் வைத்திருந்தார்கள். மேஜையில் டம்ளர் அடுக்கி வைத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அந்தப் பள்ளத்தாக்குக் கிராமங்களின் பெண்கள் ஆற்றிலிருந்து குடத்தில் சுமந்து வந்து, காய்ச்சி ஆறவைத்து, ஒவ்வொருவரும் சொம்பும் டம்ளருமாகப் பாதையோரம் நின்றார்கள். "அக்கா, நீள்ளு தாகு" என்று தெலுங்கில் தண்ணீர் குடிக்கச் சொல்லி இரண்டு கையாலும் நீட்டினார்கள். நான் பிறந்தது புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களிடம் சோறு தின்றே வளர்ந்தவள் என்பதால் எனக்கும் பாதித் தெலுங்கு வரும். எங்கள் தெருவில் கேட்ட அதே குரல் அந்த மலையில் கேட்டால் நான் எப்படித் தாண்டிப் போவேன்?

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பக்கம் ஒருவர் நீட்டிய தண்ணீரை வேண்டாம் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உன் கையால் வாங்கிக் குடிக்க மாட்டேன். அப்படிச் சொன்ன வீடுகளும் எங்கள் ஊரில் உண்டு, சொல்லக் கேட்டுத் தலைகுனிந்து திரும்பிய ஆட்களும் உண்டு. என் அப்பா ஆட்டுக் கிடையோடு ஊர் ஊராகப் போனவர். யார் கொடுத்தாலும் வாங்கிக் குடி, கொடுத்தவர் கண்ணெதிரே குடி, மிச்சம் வைக்காதே என்று சொல்லி வளர்த்தார். தண்ணீரைக் கண்ட இடத்தில் குடித்துக்கொள்ள வேண்டும், அடுத்தது எங்கே என்று தெரியாது என்பதும் எங்களுக்குப் பழக்கம். தாகம் எடுக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அதனால் ஒவ்வோர் இடத்திலும் நின்று குடித்தேன். முழு டம்ளர், சில இடத்தில் சொம்பு. பாதி தூரத்துக்குப் பிறகு வயிறு குலுங்கியது. "சாலு, சாலு" என்று சொல்லிப் பார்த்தேன். போதும் என்று சொன்னால் எந்த ஊர்ப் பெண்தான் விடுகிறாள்? அண்ணாச்சிக்கு ஓடும்போது குடித்தால் விலாவில் பிடித்துக்கொள்ளும், வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஓடிவிடுவார். அன்று அவர் பிழைத்தது அதனால்தான், பெரிய யோசனையெல்லாம் ஒன்றுமில்லை.

மோதிரம் இறுகியது ஆற்றிலிருந்து திரும்ப ஏறும்போது. பிறகு தலையின் பின்பக்கம் கனத்தது. குமட்டியது. வாந்தி எடுத்தால் தெளிந்த தண்ணீராக வந்தது. வாந்தி எடுத்தேனே என்று அடுத்த இடத்தில் இன்னும் இரண்டு டம்ளர் குடித்தேன். ஒரு பெரிய பாறை, அதன் அடியில் குடத்தோடு ஒரு பெண், அவள் மூக்குத்தி. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

இல்லை என்றால், மங்கலாகக்கூட இல்லை. அந்த ஓட்டத்தின் கடைசிப் பகுதியும், எல்லைக்கோடும், அன்று மத்தியானமும் என்னிடம் கிடையாது. அண்ணாச்சியும் மதினியும் சொன்னதை வைத்துத்தான் எனக்கே தெரியும். நான் எல்லைக்கோட்டைத் தாண்டினேனாம். ஓடி அல்ல, நடந்து. கழுத்தில் பதக்கம் போட்டார்களாம். அண்ணாச்சியைப் பார்த்து, "விளாத்திகுளம் பஸ் போயிட்டா?" என்று கேட்டேனாம். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பஸ் அது. அண்ணாச்சி கிண்டல் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். நான் மறுபடியும் கேட்டிருக்கிறேன். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை.

முதலுதவிக் கூடாரத்தில் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்றார்கள். மாரத்தான் ஓடி மயங்குகிறவர்களைப் பார்த்தால் யாருக்கும் அதுதான் தோன்றும். குடிக்கத் தண்ணீர் கொடுத்து, கையில் குளுக்கோஸும் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்கு வலிப்பு வந்துவிட்டது. மதினி மடியில் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். "உங்க கண்ணு என்னைப் பாக்கவே இல்ல டீச்சர். அதத்தான் என்னால மறக்க ஏலல" என்று அவர் பிறகு ஒரே ஒரு முறை சொன்னார். நான் திரும்பக் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றிவிட்டார்.

வண்டியில் தூக்கிப்போட்டு அடுத்த டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பணியிலிருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். தமிழ்நாட்டில் படித்தவர். நீர் வற்றியவளின் கைவிரல் ஏன் இப்படி உப்பியிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸை நிறுத்திவிட்டு முதலில் ரத்தத்தைச் சோதித்திருக்கிறார். நான் இதை எழுத உயிரோடு இருப்பது அதனால்தான்.

கண் விழித்தபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மில்லுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் வந்து, போட்டிருந்த காக்கிச் சட்டையோடு ரயிலேறி வந்திருந்தார். இவர் எப்படி இங்கே, இவருக்குத்தான் லீவு இல்லையே என்று யோசித்தேன். நடுவில் ஒரு பகலும் ஓர் இரவும் போயிருப்பது எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் வந்து கட்டிலோரம் நின்றார். "நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

"குடுத்த தண்ணியெல்லாம் குடிச்சேன்" என்றேன்.

அவர் எனக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னார். எனக்கு வந்திருப்பது ஹைப்போநட்ரீமியா (ரத்தத்தில் உள்ள உப்பு அளவுக்கு மீறி நீர்த்துப்போதல்). பல மணி நேரம் ஓடும்போது சிறுநீர் சரியாகப் பிரியாது. குடித்த தண்ணீர் உள்ளேயே தங்கி ரத்தத்தை நீர்க்கச் செய்யும். அந்தத் தண்ணீர் மூளைக்குள்ளும் ஊறி, மூளை வீங்கும். மண்டையோட்டுக்குள் அதற்கு இடமில்லை, அதனால் வலிப்பு. வேகமாக ஓடுகிறவர்களைவிட, மெதுவாக நெடுநேரம் ஓடி நிறையக் குடிப்பவர்களுக்குத்தான் இது வருமாம். காலையில் முட்டி வலிக்கு மாத்திரை போட்டிருந்தேன். அதுவும் சிறுநீரைத் தடுத்திருக்கலாம் என்றார்.

"தண்ணி குடிச்சதுக்கா மேடம்?" என்று என் வீட்டுக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். "எங்க ஊர்ல தண்ணி இல்லாமத்தான் ஆளு சாகும்."

அடர்த்தியான உப்புநீரை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். உப்பை ஒரேயடியாக ஏற்றினால் அதுவும் மூளைக்கு ஆபத்து, அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் சொம்பைத் தூக்கி மடக் மடக்கென்று குடிக்கும்போது எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன். அவர் துடைத்துவிட்டுவிட்டு வெளியே போய் நின்று அழுதார் என்று மதினி சொன்னார்.

உப்பு பழைய நிலைக்கு வந்தது, ஊருக்கு வந்துவிட்டோம். கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம்தான் என் பாடு ஆரம்பித்தது.

உள்ளூரில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் நல்ல மனிதர். வலிப்பு வந்தது என்று கேட்டதும், "எதுக்கும் இருக்கட்டும்" என்று வலிப்பு மாத்திரை எழுதினார். தனியாக வெளியே போகக் கூடாது, ஓடவே கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, குளிக்கும்போது கதவைத் தாழ்போடக் கூடாது. எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "பாப்போம்" என்றார். வியாதியைவிட அந்தப் ‘பாப்போம்’தான் என்னை அதிகம் அரித்தது.

மாத்திரை சாப்பிட்டால் தலை பஞ்சுமூட்டை ஆகிவிடும். நடந்தால் தரை ஒரு பக்கம் சாயும். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வந்தது. ஆனால் கால் மட்டும் தூங்க மாட்டேன் என்றது. விடியும்போது அதுவாக விழித்துக்கொண்டு கட்டிலில் துடிக்கும். வாசலுக்கும் புறவாசலுக்கும் நடப்பேன். ஒருநாள் குளியலறையில் நின்ற இடத்திலேயே ஓடிப் பார்த்தேன். சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார், வலிப்பு என்று நினைத்து. அன்று சாயங்காலம் பார்த்தால் என் கேன்வாஸ் ஷூவைக் காணவில்லை. யார் எடுத்தது என்று எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் என்னை மைதானத்துக்கு அனுப்பவில்லை. "வெயில்ல நிக்காண்டாம் டீச்சர், உள்ளேயே இருங்க" என்று தலைமையாசிரியை அன்பாகத்தான் சொன்னார். என் பிள்ளைகள் ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வளைவில் தோளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள் ஒருத்தி, அதைத் திருத்த ஆளில்லை. தெருவில் காக்கா வலிப்பு என்று பேசிக்கொண்டார்கள். விழுந்தால் கையில் கொடுக்க இரும்பு வேண்டும் என்று யாரோ சொல்லி, என் வீட்டுக்காரர் என் தலையணைக்கடியில் சாவிக்கொத்தை வைத்திருந்தார். படித்த மனுஷன். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர் பயத்தை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

இதற்கிடையில் என்னைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அம்மா வந்துவிட்டாள். உடம்பில் சூடு ஏறித்தான் வலிப்பு வந்தது என்பது அம்மாவின் முடிவு. சூட்டுக்குத் தண்ணீரைத் தவிர வேறென்ன மருந்து? நேரத்துக்கு ஒரு சொம்பை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

"தண்ணி குடிச்சு ஒருத்திக்குச் சீக்கு வருமா? அந்த டாக்டரு தெலுங்குல சொன்னத நீ தப்பா வெளங்கிட்டு வந்திருக்க. குடிட்டி."

"அவிய தமிழ்லதாம்மா சொன்னாவ."

"எதுல சொன்னா என்ன, குடி."

அம்மா நீட்டினாலும் எனக்கு மறுக்க வராது. அதே நேரம் அந்தச் சொம்பைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும். ஒரு மடக்கு குடித்துவிட்டு மிச்சத்தைப் புறவாசல் முருங்கைக்கு ஊற்றுவேன். ராத்திரி தாகம் என்று எழுந்தால், இது தாகமா, பயமா, மாத்திரையா என்று தெரியாமல் சொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறந்ததிலிருந்து செய்துவந்த ஒரு காரியம் எனக்கு மறந்துபோயிருந்தது. இதை அனுபவித்தவர்களுக்குத்தான் இதன் அவஸ்தை புரியும்.

கடைசியில் நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஒன்று நான் வலிப்பு நோய்க்காரியாக இருக்க வேண்டும், இல்லை ஓடுகிறவளாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் என்னால் இருக்க முடியாது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாகப் பதிவுசெய்யும் சோதனை) எடுத்தார்கள். தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டியிருந்தார்கள். எலக்ட்ரீஷியன் என்பதால் என் வீட்டுக்காரருக்கு அது ஒன்றில்தான் கொஞ்சம் தைரியம் வந்தது. எந்த ஒயர் எங்கே போகிறது என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வயதானவர், அவசரப்படாதவர். ஓட்டத்தில் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னார்: "உங்களுக்கு வலிப்பு நோய் இல்லம்மா. ஒரு தடவை வலிப்பு வந்தது, அவ்வளவுதான். அதுக்குக் காரணமும் தெரிஞ்சுபோச்சு."

நான் அழுதுவிட்டேன். வீட்டுக்காரர் முன்னால் அவ்வளவு சத்தமாக அழுதது அதுதான் முதல் தடவை.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். உங்களில் யாரும் இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குறைத்து முடித்த பிறகு ஓடலாம் என்றார். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்க வேண்டும். ஓடி வந்த பிறகு எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறேன் என்று அர்த்தம். "மத்தபடி, தாகம் எடுத்தா குடிங்க. எடுக்கலைன்னா குடிக்காதீங்க."

"தாகம் எடுக்குதா இல்லையான்னு எப்படி டாக்டர் தெரிஞ்சுக்கிடறது?"

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "இதை யாரும் என்கிட்ட கேட்டதில்ல" என்றார். "காத்திருந்து பாருங்க. அதுவா வரும்."

காத்திருப்பது எனக்கு ஒருநாளும் வராது. பஸ் ஐந்து நிமிஷம் பிந்தினால் நடந்தே போய்விடுகிற ஆள் நான். மாத்திரை குறைந்து முடியும்வரை எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஷூ தானாக வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. அவர் மில்லில் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாராம்.

எடை பார்க்க வீட்டில் மெஷின் ஏது? அண்ணாச்சி கடையில் மூட்டை போடும் தராசில் ஏறி நிற்பேன். ஒரு பக்கம் நான், மறுபக்கம் படிக்கல். "வத்தல் மூட்டைக்கு அப்புறம் டீச்சரைத்தான் இதுல ஏத்துதேன். மூட்டையாவது ஆடாம நிக்கும்" என்பார் அண்ணாச்சி. அவருக்கும் அந்தப் பள்ளத்தாக்குக்குப் பிறகு ஓட்டத்தில் பழைய உற்சாகம் இல்லை. ஓடும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன் என்று ஒருநாள் சொன்னார்.

நான் ஓட ஆரம்பித்தபோது என் வீட்டுக்காரர் டி.வி.எஸ். வண்டியில் பின்னாலேயே வந்தார். ஷிப்ட் முடிந்து தூங்காத கண்ணோடு வருவார். பட்பட்பட்டென்று சத்தம், புகை, என் நிழல்மேல் அவர் லைட். நான் மெதுவாக ஓடினால் அவரும் மெதுவாக, நின்றால் நின்று "என்ன செய்யுது?" என்று கேட்பார். காட்டில் களை எடுக்கப் போகிற பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி, "டீச்சர் அம்மாவ அண்ணன் வெரட்டிட்டுப் போறாவ" என்றாள். சிரிப்பு வந்தது, ஆனால் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். இது என் ஓட்டம் இல்லை. காவலில் வைத்து நடத்துகிற மாதிரி இருந்தது. தாகம் வருகிறதா என்று உடம்பைக் கேட்கலாம் என்றால், வண்டிச் சத்தத்தில் உடம்பு சொல்வது எனக்குக் கேட்கவே இல்லை.

ஒருநாள் பாதிவழியில் நின்று கத்திவிட்டேன். "நீங்க வாரதா இருந்தா நான் ஓடலைங்க. வீட்லயே கெடக்கேன். அதுக்குத்தான ஆசப்படுதிய?"

அவர் வண்டியை அணைத்தார். "ஆஸ்பத்திரில நீ என்னைய யாருன்னு கேட்ட" என்றார். "கண்ண முழிச்சு, என்னையப் பாத்து, நீங்க யாருன்னு கேட்ட. அது உனக்கு ஞாபகம் இல்ல. எனக்கு இருக்குட்டி. நீ ஓடுத ஒவ்வொரு தடவையும் எனக்கு அதுதான் பயம். திரும்பி வந்து யாருன்னு கேட்டுருவியோன்னு."

அதுவரை அவர் இதை என்னிடம் சொல்லவில்லை. அவரைக் காக்கிச் சட்டையோடு பார்த்ததுதான் முதல் விழிப்பு என்று நினைத்திருந்தேன், அதற்கு முன்பே ஒரு முறை விழித்திருக்கிறேன். அதுவும் என்னிடம் இல்லாத நேரத்தில் சேர்ந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதையிலேயே நின்றேன். காட்டு வேலைக்குப் போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது.

மறுநாள் காலையில் நான் ஷூவைக் கட்டும்போது அவர் வண்டியை எடுக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "போயிட்டு வா" என்றார். முகம் நன்றாக இல்லை. நான் திரும்பிப் பார்க்காமல் போனேன், பார்த்தால் அவர் எழுந்து வந்துவிடுவார்.

ஊர் தாண்டியதும் பாதையில் யாரும் இல்லை. பருத்தி வெடிக்கிற சமயம். ரொம்ப நாளைக்குப் பிறகு என் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. முதலில் பயம்தான் வந்தது. விரலைத் தொட்டுப் பார்த்தேன், தலையை ஆட்டிப் பார்த்தேன், என் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. முன்பெல்லாம் இந்தப் பாதையில் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவேன், எவ்வளவு சீக்கிரம் முடிப்பது என்று. அன்று கடிகாரம் கட்டவில்லை. ஒவ்வோர் அடியும் எனக்குத் தெரிந்தே விழ வேண்டும் என்பது மட்டும்தான் என் கவலை.

திரும்பி வரும் வழியில், வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில், நாக்கின் அடியில் லேசாக ஒரு வறட்சி வந்தது. தொண்டையில் அல்ல, நாக்கின் அடியில். கொஞ்சம் பொறுத்தேன். போகவில்லை. எச்சில் கெட்டியானது, உதட்டை நக்கத் தோன்றியது. யாரும் நீட்டாமல், யாரும் சொல்லாமல், அதுவாக வந்தது. இதுதான் தாகம் என்று அறிந்துகொள்ள எனக்கு இவ்வளவு வயதாகியிருக்கிறது. கையில் தண்ணீர் இல்லை, ஆனாலும் அவசரப்படவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் அதே படியில் இருந்தார். அம்மா கொடுத்த காபி பக்கத்தில் ஆடை கட்டிக் கிடந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேட்க நினைத்ததைக் கேட்காமல், "எங்கன வரைக்கும் போன?" என்றார்.

நான் உள்ளே போய், வேண்டிய அளவு குடித்துவிட்டு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்ததையும், கூட்ஸ் வண்டி போகும்வரை நின்றதையும், ஒரு செம்மறி மந்தை குறுக்கே வந்ததையும், அதில் ஒரு குட்டி நொண்டியதையும், பருத்திக் காட்டில் ஒரு கிழவி தனியாகப் பேசிக்கொண்டு பறித்ததையும், எந்த இடத்தில் பயந்தேன், எந்த இடத்தில் பயம் போனது என்பதையும் சொன்னேன். அவர் கேட்காததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை, அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு நடந்ததை அவருக்கு நான்தான் சொன்னேன்.